நூலகத்தில் 'எனக்குப் பிடித்த புத்தகம்' போஸ்டர் போட்டி: நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

இது நூலகர்களுக்கும், நூலகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்குமான வழிகாட்டி. போட்டி எளிமையானது. 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்துக்குப் போஸ்டர் செய்து தருவார்கள். அதை நூலகச் சுவரில் பார்க்கும் இன்னொரு பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

புதிதாக நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். அறிவிப்பை ஒட்டிவிட்டு விதிகளை அப்புறம் யோசிக்கிறார்கள். போஸ்டர்கள் வந்து குவிந்த பிறகு நடுவரைத் தேடுகிறார்கள். கண்காட்சி திறக்கும் நாளில்தான் பாதிப் புத்தகங்கள் அலமாரியில் இல்லை என்பது தெரிகிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதை நம்பி நிற்கிறது.

1. எதற்கு மதிப்பெண் என்பதை முதலில் எழுதுங்கள்

விதிகள், பரிசு, தேதி எல்லாவற்றுக்கும் முன்பு மதிப்பெண் தாளைத் தயாரியுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: 'இந்தப் புத்தகத்தை ஏன் படிக்க வேண்டும்' என்பதைச் சொல்லும் வரிக்கு 40, படமும் வண்ணமும் அந்தக் காரணத்தைத் தாங்கி நிற்கின்றனவா என்பதற்கு 25, தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்பதற்கு 20, சொந்தக் கற்பனைக்கு 15. ஓவியத் திறமைக்குத் தனி மதிப்பெண் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கு மதிப்பெண் வைத்த உடனே இது ஓவியப் போட்டியாகிவிடும். வரையத் தெரியாத, ஆனால் விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளை படிவத்தையே வாங்க மாட்டாள். நமக்கு வேண்டியவளே அவள்தான்.

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. மதிப்பெண் தாளைத் தயாரிக்கும்போது அதையே கேள்வியாக்கிக்கொள்ளுங்கள்: இந்தப் போஸ்டர் இந்தப் புத்தகத்துக்கு ஒரு வாசகரைத் தேடித் தருமா?

2. தேதிகளைக் கடைசியிலிருந்து போடுங்கள்

கண்காட்சி திறக்கும் நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மொத்தம் பத்து வாரம் வைத்துக்கொள்வது நல்லது. முதல் இரண்டு வாரம் தயாரிப்பு. மூன்றாவது வாரத் தொடக்கத்தில் அறிவிப்பு. ஐந்தாவது வார முடிவில் புத்தகத்தின் பெயரைப் பதிவு செய்யக் கடைசி நாள். எட்டாவது வார முடிவில் போஸ்டர் கொடுக்கக் கடைசி நாள். ஒன்பதாவது வாரம் நடுவர் வேலை. பத்தாவது வாரம் கண்காட்சி திறப்பு.

இதில் புத்தகப் பெயருக்குத் தனிக் கடைசி நாள் இருப்பதைக் கவனியுங்கள். பலரும் இதைத் தேவையில்லாத தொந்தரவு என்று விட்டுவிடுகிறார்கள். போஸ்டர் வருவதற்கு மூன்று வாரம் முன்பே என்னென்ன புத்தகங்கள் என்று தெரிந்தால்தான் இல்லாதவற்றை வாங்கவோ, பக்கத்து நூலகத்திலிருந்து வரவழைக்கவோ நேரம் கிடைக்கும். போட்டி கலகலப்பாக நடந்தும் ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் இந்த நாளை வைக்காததுதான்.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அன்று திறக்க ஆசைப்பட்டால் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே தயாரிப்பு தொடங்க வேண்டும். ஆனால் உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அது தேர்வுக் காலம் என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் போஸ்டர் கேட்டால், வருவது அவசரத்தில் கிறுக்கியதாகத்தான் இருக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

சுவரை அளந்துவிடுங்கள். ஏ3 தாள் 297 × 420 மில்லிமீட்டர். இரண்டு போஸ்டர்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டு, உங்கள் சுவர் எத்தனை தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு சுற்றாக வைப்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளலாம். 'நன்றாக இருப்பவற்றை மட்டும் ஒட்டுவோம்' என்ற முடிவு வேண்டவே வேண்டாம். தன் போஸ்டரைத் தேடி வந்து சுவரில் காணாமல் திரும்பும் பிள்ளையை மறுபடி நூலகத்துக்குள் வரவைப்பது பெரும்பாடு.

அப்புறம் ஆட்கள். படிவம் வாங்கிப் பதிவு செய்ய ஒருவர், பயிலரங்கு நடத்த ஒருவர், நடுவர்கள் மூவர். நடுவர்களிடம் தேதியைச் சொல்லி, வருவதாக உறுதி வாங்கிய பிறகுதான் அறிவிப்பு வெளியே போக வேண்டும்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அல்லது அதற்கு மேல் கனமுள்ள ஏ3 தாள், பென்சில், ரப்பர், அளவுகோல், ஸ்கெட்ச் பேனா, போஸ்டர் கலர். நூலகமே தாள் கொடுத்துவிடுவது நல்லது. எல்லோரும் ஒரே தாளில் தொடங்குவார்கள், செலவுக்குத் தயங்கும் பிள்ளையும் வருவாள். சாதாரண 80 ஜிஎஸ்எம் நகல் தாளில் தண்ணீர் கலந்த வண்ணம் பூசினால் அது சுருண்டு நெளிந்துவிடும்.

4. விதிகளை ஒரே பக்கத்தில் அடக்குங்கள்

இரண்டாம் பக்கத்தைப் பிள்ளைகள் படிப்பதில்லை. பெற்றோரும் படிப்பதில்லை. ஒரு பக்கத்துக்குள் இவை வந்தால் போதும்.

வயதை 13–15, 16–18 என்று இரண்டு பிரிவாகப் பிரியுங்கள். இந்தப் பருவத்தில் மூன்று வயது வித்தியாசம் பெரிது. 13 வயதுப் பிள்ளையின் வரியை 18 வயதுப் பிள்ளையின் வரிக்குப் பக்கத்தில் வைத்து மதிப்பிடுவது நியாயமில்லை.

அளவு ஏ3, நிலை செங்குத்து. இதில் விதிவிலக்கே கொடுக்காதீர்கள். சிலது நீளவாக்கிலும் சிலது அகலவாக்கிலும் வந்தால் சுவர் அலங்கோலமாகிவிடும். முழு சார்ட் பேப்பரில் செய்தால் சுருட்டிக் கொண்டுவருவார்கள். அது நேராகவே நிற்காது, ஸ்கேனரிலும் அடங்காது.

போஸ்டரின் முகப்பில் புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும். போஸ்டர் செய்த பிள்ளையின் பெயர் முகப்பில் எங்குமே வரக்கூடாது, பின்பக்கத்தில் மட்டும். தன் பெயரை ஓரத்தில் ஸ்டைலாகக் கையெழுத்துப் போடுவது பிள்ளைகளுக்குப் பிடித்தமான விஷயம். அதனால் இந்த விதியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எந்தப் புத்தகம் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பாடப் புத்தகத்தை மட்டும் விலக்குங்கள். கதை, கவிதை, அறிவியல், விளையாட்டு, சித்திரக் கதை, ஒலிப் புத்தகம் எதுவானாலும் சரி. 'நல்ல நூல்கள்' பட்டியல் கொடுத்து அதிலிருந்து எடுக்கச் சொன்னால், பெரியவர்களுக்குப் பிடித்த புத்தகத்துக்குப் பிள்ளைகள் கடமைக்குச் செய்த போஸ்டர்கள்தான் வரும். அந்தப் பொய் மூன்று மீட்டர் தூரத்திலிருந்தே தெரியும். வயதுக்கு ஏற்காத புத்தகம் ஏதாவது வந்தால், பெயர்ப் பதிவு நாளிலேயே அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி மாற்றச் சொல்லலாம். அந்த நாளை வைத்ததற்கு இது இன்னொரு பலன்.

5. காப்புரிமையையும் ஏஐ-யையும் அறிவிப்புக்கு முன்பே தீர்த்துவிடுங்கள்

பிள்ளைகள் முதலில் செய்வது அட்டைப்படத்தைப் பார்த்து வரைவது. சிலர் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். அட்டைப்படம் அதை வரைந்தவருக்கோ பதிப்பகத்துக்கோ சொந்தம். காப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. படைப்பு உருவானவுடன் தானாகவே வந்துவிடும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் படங்களுக்கும் இதே கதைதான். 'கூகுளில் இருந்தது' என்பது அனுமதி ஆகாது.

சட்டத்தை விட்டுவிட்டாலும், அட்டையைத் திருப்பி வரைவதில் பயன் ஒன்றும் இல்லை. அட்டை ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்தும் யாரும் எடுக்காததால்தான் போஸ்டர் தேவைப்படுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரிகிறது.

புத்தகத்திலிருந்து மேற்கோள் காட்ட விரும்பினால் ஒன்றிரண்டு வரிகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பக்க எண்ணைப் பின்பக்கத்தில் குறித்தால் நீங்கள் சரிபார்க்கலாம். இணையத்தில் சுற்றும் 'மேற்கோள்' பல நேரம் அந்தப் புத்தகத்திலேயே இருக்காது.

ஏஐ கருவி விஷயத்தில் ஏதோ ஒரு விதியை எடுத்து எழுத்தில் வையுங்கள். என் பரிந்துரை: வரியும் படமும் பிள்ளையின் சொந்தக் கைவேலையாக இருக்க வேண்டும்; முதல் பென்சில் வரைவையோ அதன் புகைப்படத்தையோ போஸ்டரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வரைவைக் கேட்டாலே சந்தேகங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். போஸ்டர் வந்த பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு 'இது நீ செய்ததா?' என்று கேட்கும் நிலை வரவே கூடாது. உண்மையாகச் செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஆறாத காயம்.

போஸ்டரின் உரிமை செய்த பிள்ளைக்கே இருக்கட்டும். 'சமர்ப்பிக்கப்படும் அனைத்தும் நூலகத்தின் சொத்து' என்ற வரியை எங்கிருந்தாவது நகலெடுத்துப் போடாதீர்கள். நூலகச் சுவரிலும் நூலக இணையப் பக்கத்திலும் ஓராண்டு காட்சிக்கு வைக்க அனுமதி கேளுங்கள். அதற்கு மேல் நமக்கு என்ன வேண்டும்?

6. படிவமும் பெற்றோர் ஒப்புதலும்

படிவத்தில் பெயர், வயதுப் பிரிவு, தொடர்புக்கு ஒரு எண், புத்தகத்தின் விவரம், பெற்றோர் கையெழுத்து. 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கையெழுத்து இல்லாமல் போஸ்டரை வாங்காதீர்கள். போஸ்டரைக் காட்சிக்கு வைக்க ஒரு கட்டம், பிள்ளையின் புகைப்படத்தை வெளியிட இன்னொரு கட்டம் என்று தனித்தனியாக வையுங்கள். முதலாவதற்குச் சம்மதித்து இரண்டாவதை மறுக்கும் பெற்றோர் நிறையப் பேர். இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தப் பிள்ளைகள் போட்டியை விட்டே போய்விடுவார்கள்.

சுவரில் முதல் பெயரும் வயதும் போதும். பள்ளி, வகுப்பு, தெருப் பெயர் வேண்டாம். போட்டி முடிந்து போஸ்டர்களைத் திருப்பிக் கொடுத்ததும் தொடர்பு எண்கள் உள்ள படிவங்களைக் கிழித்துவிடுங்கள்.

7. அறிவிப்பு

அறிவிப்பில் ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும்: யார் கலந்துகொள்ளலாம், என்ன செய்ய வேண்டும், இரண்டு கடைசி நாட்கள், படிவம் எங்கே கிடைக்கும், பயிலரங்கு எப்போது. பெரியவர்களைப் பார்த்துப் பேசும் நடையில் எழுதாதீர்கள். 'மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தும் பொருட்டு' என்று தொடங்கும் தாளை எந்தப் பிள்ளையும் இரண்டாவது வரி வரை படிக்காது. 'நீ படித்ததில் யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிய புத்தகம் எது?' என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாதிரி என்று ஒரே ஒரு போஸ்டரைச் செய்து ஒட்டாதீர்கள். வருகிற போஸ்டர்களில் பாதி அதன் நகலாக இருக்கும். மாதிரி வேண்டுமென்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்றை வையுங்கள்: ஒன்று முழுக்க எழுத்தாலேயே ஆனது, ஒன்று காகிதம் வெட்டி ஒட்டியது, ஒன்று வரைந்தது.

8. பயிலரங்கு: வரி முதலில், படம் பிறகு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள். பெயர்ப் பதிவு முடிந்த வாரத்தில் ஒன்றரை மணி நேரம் போதும்.

தாளைக் கொடுத்ததும் பிள்ளைகள் வரைய ஆரம்பிப்பார்கள். ஒரு மரம், ஒரு நிலா, திறந்த புத்தகத்திலிருந்து பறக்கும் பட்டாம்பூச்சிகள். அப்புறம் மிச்சமிருக்கும் இடத்தில் 'மிக அருமையான புத்தகம், அனைவரும் படிக்க வேண்டும்' என்று எழுதிவிடுவார்கள். இந்த வரி உலகத்தில் உள்ள எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் பயன்படாது.

அதனால் முதல் அரை மணி நேரம் ஏ3 தாளை வெளியே எடுக்காதீர்கள். சின்னத் துண்டுத் தாளும் பென்சிலும் மட்டும். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை இவை: எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை? எந்த இடத்தில் கோபம் வந்தது? படித்து முடித்த அன்று யாரிடமாவது பேசினாயா, என்ன சொன்னாய்?

ஒரு பயிலரங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் 'குடும்ப உறவுகளைப் பற்றிய நல்ல நாவல்' என்று எழுதியிருந்தாள். எங்கே நிறுத்த முடியவில்லை என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணன் பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். தங்கச்சிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியிற வரைக்கும் எனக்குப் பதறிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். கேட்டவள் உடனே, "அந்தப் புக்கு பேரு என்ன?" என்றாள். அதோடு வேலை முடிந்தது. போஸ்டரில் வந்த வரி: 'அவன் பொய் சொல்கிறான். உனக்குத் தெரியும். அவன் தங்கைக்குத் தெரியாது.' படம் ஒரு மூடிய கதவும், அதன் கீழே கசியும் வெளிச்சமும். ஓவியமாகப் பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் அந்த வரியோடு சேர்த்துப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

கேட்பவர் 'புத்தகத்தின் பெயர் என்ன' என்று தானாகக் கேட்கும் வரை வரியை மாற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

வரி பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் நிற்கட்டும். கதைச் சுருக்கம் எழுதத் தொடங்குபவர்களைத் தடுங்கள். அது பின்னட்டையின் வேலை. முடிவை உடைக்கும் வரிகளையும் இங்கேயே பிடித்துவிடலாம். புத்தகத்தின் முதல் கால்பகுதிக்குப் பிறகு நடப்பதைச் சொல்லக்கூடாது என்று ஒரு எல்லை வைத்தால் பிள்ளைகளுக்கும் தெளிவாக இருக்கும்.

வரி தேறிய பிறகு, தீப்பெட்டி அளவில் மூன்று சின்னப் பென்சில் வரைவுகள். மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். முதல் யோசனை எல்லோருக்கும் வரும் யோசனையாகத்தான் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தப் பிள்ளையுடையவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின் ஏ3 தாளைக் கொடுங்கள்.

9. எழுத்து படிக்கும்படி இருக்கிறதா

மூன்று மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது அறிவிப்புப் பலகை செய்பவர்கள் கையாளும் கணக்கு. முக்கிய வரிக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகப் பெயரும் ஆசிரியர் பெயரும் 1.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தமிழில் அளக்கும்போது 'க', 'ப' போன்ற எழுத்துகளின் உடலை அளக்க வேண்டும். 'கி', 'கீ' போல மேலே எழும்பும் வளைவையும் 'கு', 'பூ' போலக் கீழே இறங்கும் வாலையும் கணக்கில் சேர்த்தால் எழுத்து நினைத்ததைவிடச் சிறிதாகிவிடும்.

அந்த மேல் வளைவும் கீழ் வாலும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பெரிய எழுத்தில் அடங்காது. முதலில் பென்சிலால் கோடு போட்டு, சொல்லை எண்ணி இடம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் வலது ஓரத்தில் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

பென்சில் நிலையிலேயே போஸ்டரை நூலகத்தில் ஒருவரிடம் காட்டி எழுத்துப் பிழை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய 'ர'வை 'ற' ஆக்க முடியாது.

வண்ணத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து, அல்லது வெளிர் பின்னணியில் இருண்ட எழுத்து. சிவப்பின் மேல் பச்சை எழுத்து வேண்டாம். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஒரே நிறமாகத் தெரியலாம். சந்தேகமாக இருந்தால் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மறைந்துபோனால் வண்ணத்தை மாற்ற வேண்டும்.

கணினியிலோ போனிலோ செய்பவர்களுக்குத் தனியாகச் சில குறிப்புகள். ஏ3-ஐ 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 3508 × 4961 பிக்சல் வேண்டும். பல செயலிகள் சதுர வடிவத்தில்தான் தொடங்குகின்றன. அளவை முதலிலேயே மாற்றாவிட்டால் பிறகு எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டியிருக்கும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அச்சானதைப் பார்த்து முகம் வாட மாட்டார்கள்.

தமிழ் எழுத்து உடைவதுதான் பெரிய தலைவலி. சில வடிவமைப்பு மென்பொருள்களில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறியீடுகளாகத் திறக்கும். ஆகவே யூனிகோடு எழுத்துரு மட்டும் என்று விதி வையுங்கள். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஒன்றும், படக்கோப்பு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். படக்கோப்பைப் பார்த்தால் பிள்ளை எப்படி நினைத்திருந்தாள் என்பது தெரியும். பிடிஎஃபில் ஏதாவது உடைந்திருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

10. போஸ்டரை வாங்கும் நாள்

மேஜையில் ஒருவர் உட்கார்ந்து வாங்க வேண்டும். பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால் கையெழுத்தில்லாத படிவங்களும் மடிந்த தாள்களும்தான் மிஞ்சும். வாங்கும்போதே நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பெற்றோர் கையெழுத்து, பென்சில் வரைவு, முகப்பில் புத்தக விவரம், முகப்பில் பிள்ளையின் பெயர் இல்லாமை. குறை இருந்தால் அங்கேயே சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

சரியாக இருந்தால் போஸ்டரின் பின்பக்கத்திலும் படிவத்திலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். படிவங்கள் தனி உறைக்குப் போகட்டும். அன்றே எல்லாப் போஸ்டர்களையும் ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. தண்ணீர் சிந்தினாலோ கிழிந்தாலோ ஒரு பிரதி இருக்கும்.

11. நடுவர் வேலை

மூன்று பேர்: புத்தகங்களை அறிந்த ஒருவர், வடிவமைப்போ ஓவியமோ அறிந்த ஒருவர், பதின்பருவத்தைத் தாண்டிச் சில வருடங்களே ஆன ஒருவர். மூன்றாமவரைப் பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் 16 வயதுப் பிள்ளையை எந்த வரி இழுக்கும் என்று அவருக்குத்தான் சட்டென்று புரியும். கலந்துகொள்ளும் பிள்ளைகளின் உறவினரோ ஆசிரியரோ நடுவராக வேண்டாம்.

போஸ்டர்களைச் சுவரில் ஒட்டியோ சாய்த்துவைத்தோ காட்டுங்கள். மேஜையில் அடுக்கி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தால் நுணுக்கமாக வரைந்தவை முன்னால் வந்துவிடும். தூரத்திலிருந்து இழுப்பவை பின்தங்கிவிடும். முதல் பார்வை மூன்று மீட்டர் தள்ளி நின்று, யாரும் எதுவும் பேசாமல்.

தொடங்கும் முன், அறிவிப்புக்காகச் செய்த மாதிரிப் போஸ்டர்களில் இரண்டுக்கு மூவரும் மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் 80 போட்ட இடத்தில் இன்னொருவர் 45 போட்டிருப்பார். ஏன் என்று பேசித் தெளிந்த பிறகு உண்மையான வேலை தொடங்கட்டும். மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்த பின்புதான் கலந்து பேச வேண்டும். வரிசை மாறினால் குரல் ஓங்கியவரின் கருத்தே மூன்று தாளிலும் இருக்கும்.

வாசகர் விருது வைக்க விரும்பினால் நூலகத்துக்குள் வாக்குச் சீட்டு வைத்து, நேரில் வருபவர்களை மட்டும் வாக்களிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் விருப்பக்குறி எண்ணினால் சொந்தக்காரர்கள் அதிகம் உள்ள பிள்ளை ஜெயிப்பாள்.

12. சுவரும் அலமாரியும்

போஸ்டரின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவர்களுக்கு வசதி. சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால் இன்னும் தாழ்த்துங்கள். நேரடி வெயில் படும் சுவர் வேண்டாம்; ஸ்கெட்ச் பேனா மை வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். செலோடேப்பை முகப்பில் ஒட்டினால் எடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும். கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுவது பாதுகாப்பு. அதற்காகத்தான் நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் ஓரம் விடும்படி விதிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு போஸ்டருக்கும் கீழே அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். கண்காட்சியின் உயிர் இதில்தான். ஒரு பிரதிதான் இருக்கிறது, அதையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். முன்பதிவுத் தாளும் பேனாவும் வையுங்கள். 'அப்புறம் வந்து கேள்' என்று அனுப்பிவைத்த பிள்ளை பெரும்பாலும் திரும்பி வராது. பெயரை எழுதிவிட்டுப் போன பிள்ளையை நாம் கூப்பிட முடியும்.

நூலகப் பட்டியலுக்குப் போகும் கியூஆர் குறியீட்டை வைப்பதானால் போஸ்டருக்குப் பக்கத்தில் தனிச் சீட்டில் வையுங்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு அச்சிட்டால்தான் போன் சரியாகப் படிக்கும்.

13. பரிசும் அதன் பிறகும்

பரிசாகப் புத்தகக் கூப்பன் நல்லது. அதைவிடப் பிள்ளைகள் மதிப்பது வேறொன்று: நூலகத்துக்கு வாங்கும் அடுத்த புத்தகங்களில் ஒன்றை வென்றவர் தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமை. அந்தப் புத்தகத்தின் உள்ளட்டையில் அவர் முதல் பெயரை ஒட்டிவையுங்கள். வெல்லாதவர்களுக்குச் சான்றிதழோடு, நடுவர்கள் அவர்கள் போஸ்டரைப் பற்றி எழுதிய ஒரு வரியைக் கொடுங்கள். 'நல்ல முயற்சி' என்று எல்லோருக்கும் ஒன்றையே எழுத வேண்டாம். எந்தச் சொல் பிடித்தது, எந்த இடத்தில் கண் நின்றது என்று எழுதித் தரும்படி நடுவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்காட்சி தொடங்கும் முன், போஸ்டரில் உள்ள புத்தகங்கள் முந்தைய ஒரு மாதத்தில் எத்தனை முறை இரவல் போயின என்று பதிவேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்காட்சி மாதத்துக்கும் அதையே எடுங்கள். எண்கள் சிறியவையாக இருக்கும் என்பதால் இதை வைத்துப் பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. ஆனால் யாராவது ஒருவரின் போஸ்டரால் ஒரு புத்தகம் வெளியே போயிருந்தால், போஸ்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். யார் எடுத்தார்கள் என்ற பெயர் மட்டும் வேண்டாம்.

திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் ஒதுக்கி, தேதியைக் கண்காட்சிச் சுவரிலேயே எழுதிவையுங்கள். வாங்க வராதவர்களுக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். அதன் பிறகும் மிஞ்சுபவற்றைத் தட்டையான அட்டைகளுக்கு நடுவே வைத்து, அடுத்த போட்டியின் பயிலரங்கு வரை பத்திரப்படுத்துங்கள்.